எச் வரிசை, பதினான்காம் இருக்கை

படம் விட்டு வெளியே வரும் ஜனங்கள் மைக்கைக் கண்டால் பொய் சொல்வார்கள். இதில் சப்-இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமே கிடையாது. உலகத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லாத விஷயங்கள் மொத்தம் இரண்டு மூன்றுதான். அதில் இது ஒன்று.

ஈரோட்டில் அந்தத் தியேட்டர் வாசலில், பைக் ஸ்டாண்டுச் சுவரோரமாக, மஃப்டியில் நின்றுகொண்டிருந்தார். ‘நாலாம் நடைமேடை’ படத்தின் பகல் காட்சி அப்போதுதான் விட்டிருந்தது. ரயில்வே ஜங்ஷனில் குண்டு வைக்க வரும் கும்பலை ஒரு போலீஸ் அதிகாரி கடைசி நிமிடத்தில் மடக்கும் கதை. மைக் பிடித்த பெண் ஒவ்வொருவராக மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“படம் எப்படி இருக்குண்ணா?”

“ஃபர்ஸ்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை. செகண்ட் ஹாஃப் தீ! குண்டு சீன்ல எனக்கு உசுரே இல்லீங்க.”

நாச்சிமுத்து கையிலிருந்த டேப்லெட்டைத் தடவிப் பார்த்தார். அந்த அண்ணன் குண்டு சீனில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நாடி நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு.

“குடும்பத்தோட பார்க்கலாங்க. நல்ல மெசேஜ் இருக்குது” என்றாள் ஒரு அம்மா. அவள் இரண்டாம் பாதி முழுக்க ஹீரோவின் தங்கை கட்டியிருந்த புடவைகளுக்கு மட்டும்தான் அசைந்திருந்தாள்.

“போலீஸை ரொம்பப் பெருமையா காட்டியிருக்காங்க” என்றார் வேறொருவர். இது நாச்சிமுத்துவே போன ஞாயிற்றுக்கிழமை இதே மைக்கில் சொன்ன கருத்துதான். வேலையில் இருக்கிறவன் வேறென்ன சொல்வான்?

கூட்டம் கலைந்தது. கேட் ஓரத்தில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைக் காலால் தள்ளி, சுவருக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் விட்டார். ஒற்றைச் செருப்பு கிடந்தால் அவருக்குப் பிடிக்காது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எல்லாத் தியேட்டர் நாற்காலிக்கும் இப்போது நாடிக்கை உண்டு. கம்பெனி வைத்த பெயர் வேறு, இது ஜனங்கள் வைத்த பெயர். பார்ப்பதற்குச் சாதாரணக் கைப்பிடி. முழங்கையை வைத்தால் நாடியையும் வியர்வையையும் நொடிக்கு நொடி எழுதிக்கொள்ளும். கொண்டுவந்தவர்கள் தயாரிப்பாளர்கள். ஒரு நடிகரின் ரசிகர்கள் இன்னொரு நடிகரின் படத்தை டைட்டில் ஓடுவதற்குள்ளேயே ‘மொக்கை’ என்று எழுதிக் கொல்வதும், சொந்த ஆட்கள் குப்பையைக் காவியம் என்பதுமாக, ஜனங்கள் நிஜமாக என்ன நினைக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. நாற்காலியையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நாற்காலியும் நன்றாகவே பதில் சொன்னது. பிறகு மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. எண்ணூறு பேர் உட்கார்ந்து தீவிரவாதிகள் படம் பார்க்கிறார்கள், அதில் யாருடைய மனசு யார் பக்கம் நிற்கிறது என்றும் இந்த நாற்காலிக்குத் தெரியும்தானே? அப்படிப் பிறந்ததுதான் போலீஸில் பார்வையாளர் பிரிவு. ஈரோட்டுக்கு அதன் அதிகாரி நாச்சிமுத்து.

“சார், ஒண்ணு சிக்கியிருக்கு” என்றாள் ரெஜினா. கம்பெனி அனுப்பிய இன்ஜினியர். மேனேஜர் அறையில் ஓரமாகக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பாள். “ஞாயித்துக்கிழமை பகல் காட்சி. எச் பதினாலு.”

திரையில் ஒரு கோடு ஓடியது. குண்டு வெடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது தியேட்டரே துடித்த இடத்தில் அந்தக் கோடு மட்டம். பிறகு, பையைச் சுமந்து வந்த பையனை ஹீரோ சுட்டு வீழ்த்தும் இடத்தில், எல்லோருக்கும் நிம்மதி இறங்கும்போது இது மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது.

“இதுக்கு என்ன அர்த்தம்மா?”

“மிஷின் சொல்றது: ஜனங்க சாவப்போறாங்கன்னு பயமில்லை. தீவிரவாதி செத்ததுக்கு வேதனை. ரெண்டும் சேர்ந்தா தானா சிவப்புக் குறி விழும் சார்.”

“நீ என்ன சொல்றே?”

“நான் சொல்றதை யார் சார் கேக்கறாங்க?”

டிக்கெட் எடுத்தவர் பெயரைப் பார்த்தார். சாதிக் பாட்சா, வயது நாற்பத்தேழு, மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர். நாச்சிமுத்து ‘ம்ம்’ என்றார். படத்தில் அந்தப் பையனுக்குப் பெயரே வைக்கவில்லை. வைக்காவிட்டாலும் பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள், எல்லாம் ஒரே மாதிரிப் பெயர். நாச்சிமுத்துவும் வைத்திருந்தார்.

கடை குறுகலான சந்தில் இருந்தது. மேஜை முழுக்கப் பிரித்துப் போட்ட மோட்டார், வயர், கிரைண்டர்களின் டைமர் ஸ்விட்ச். டைமரைப் பார்த்ததும் நாச்சிமுத்துவின் புருவம் ஏறியது. கிரைண்டருக்கு டைமர் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் ஏறியது.

சாதிக் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். பிறகு சட்டென்று கண்ணைத் தாழ்த்தி, பற்றவைத்துக்கொண்டிருந்த வயரைப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு என்று நாச்சிமுத்து மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போனீங்களா பாய்?”

“போனேனுங்க.”

“குண்டு சீன்ல உங்களுக்குப் பயமே வரலையாமே?”

சாதிக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஊரில் நாலு பேருக்கு ஏற்கெனவே இப்படி வந்திருக்கிறது. சந்தேகப் பேர்வழிகளின் மஞ்சள் பட்டியலில் பெயர் ஏறினால் ஒரு வருஷத்துக்கு ரயில் நிலையம், தியேட்டர், பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி எதற்குள்ளும் காலெடுத்து வைக்க முடியாது. வாசல் கேமராவே நிறுத்திவிடும்.

“சார், வேற எது வேணா பண்ணுங்க. ஆஸ்பத்திரியை மட்டும் அடைச்சுராதீங்க. வீட்ல அவளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சுங்க. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். தனியா நடக்க மாட்டா. நான்தான் தூக்கிட்டுப் போவணும்.”

“அதெல்லாம் மனசுல வேண்டாததை நெனைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

“நான் எச் பதினாலுல உக்காரவே இல்லீங்க.”

நாச்சிமுத்துவுக்குக் கொட்டாவி வந்தது. எல்லோரும் சொல்வதுதான்.

“அது சுவரோரக் கோடி சீட்டுங்க. பக்கத்துல ரெண்டு சீட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி லேட்டா வந்தாங்க. எந்தப் பக்கம் உக்காந்தாலும் அந்தம்மா பக்கத்துல ஒரு ஆம்பளை. அதான் நான் எந்திரிச்சு, ‘நீங்க கோடிக்கு வந்துருங்கம்மா, நான் அந்தப் பக்கம் போறேன்’னு பதினாறுக்குப் போயிட்டேன். அவங்க பதினாலு, வீட்டுக்காரர் பதினஞ்சு, நான் பதினாறு. நம்ம ஊர்ல எல்லாரும் பண்றதுதானுங்களே?”

“யார் அவங்க?”

சாதிக் மறுபடியும் வயரைப் பார்த்தார். “இருட்டுங்க. தெரியாது.”

“அடையாளம் ஏதாச்சும்?”

“அந்தம்மா கைப்பையில தட்டுவடை ஒளிச்சுக் கொண்டாந்திருந்தாங்க. கேட்ல பிடுங்கிருவாங்கன்னு குடைக்குள்ள சுத்தி. எனக்கும் ரெண்டு குடுத்தாங்க.”

நாச்சிமுத்து வெளியே வந்தார். சந்து முனையில் வண்டியை நிறுத்தினார். தட்டுவடை, குடை. ஈரோட்டில் ஆயிரம் வீட்டில் தட்டுவடை உண்டு. ஆனால் அதைக் குடைக்குள் சுற்றும் புத்தி எத்தனை பேருக்கு உண்டு?

ரெஜினாவுக்குப் போன் போட்டார். “ஏம்மா, அதே காட்சில எச் பதினாறோட கோட்டை எடு. சாதிக் அங்கதான் இருந்தாராம்.”

“அது இருக்காது சார். பதினஞ்சும் பதினாறும் போலீஸ் பாஸ். போலீஸ் சீட்டோட பதிவைச் சட்டப்படி உடனே அழிச்சிருவோம்.” கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. “பாஸ் உங்க பேர்லதான் போயிருக்கு சார்.”

அவருக்கு வியர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாக உள்ளே போனது, யாரோ ஒருவர் எழுந்து இடம் மாறியது, ‘தேங்க்ஸுங்க’ என்று முகம் பார்க்காமல் சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. கோடியில் மனைவி வசந்தாமணி. நடுவில் அவர். இந்த நாற்காலியைச் செய்த மகராசர்கள் ஊரில் ஜனங்கள் டிக்கெட்டில் இருக்கும் நம்பரிலேயே உட்காருவார்களோ என்னவோ. இங்கே எவன் உட்காருகிறான்? இந்த ஒரு விஷயம் எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. இதுவரை பட்டியலில் ஏற்றிய நாலு பேரும் அந்தந்த நாற்காலியில்தான் இருந்தார்களா? அந்த யோசனையை மட்டும் அவர் மேலே ஓடவிடவில்லை.

சாயங்காலம் வீட்டில் வசந்தாமணி தோசைக்கல்லை ஏற்றியிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவளோடு குடித்தனம். அவளிடம் சந்தேகப்படும்படி ஒன்றும் இருந்ததில்லை. இன்றைக்குத்தான் ஒரு சந்தேகக் கேஸைப் பார்ப்பதுபோல வாசலில் நின்று அவளைப் பார்த்தார்.

“வசந்தா, அந்தப் படத்துல குண்டு வெடிக்கப்போற சீன்ல நீ பயந்தியா?”

“எதுக்குங்க பயப்படணும்? ஹீரோ இருக்கறப்ப எப்படி வெடிக்கும்?” தோசையைத் திருப்பினாள். “அத்தனை பேரைக் கொன்னுட்டு அப்புறம் பாட்டு எங்க வெப்பான்?”

நியாயமான பேச்சு. அவருக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது. இதை மிஷினிடம் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

“அந்தப் பையனைச் சுட்டப்ப?”

அவள் கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

“அதை எதுக்கு இப்பக் கேக்கறீங்க?”

“சும்மா.”

“சும்மான்னா விடுங்க. சாப்பிடுங்க.”

இருபத்தாறு வருஷ சர்வீஸில் இந்த மாதிரித் திரும்பிக்கொள்வதை எத்தனை விசாரணையில் பார்த்திருப்பார்! அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. தெருவில் அடிபட்ட நாய்க்கு அழுகிறவள் இவள். தோசையைப் பாதியில் விட்டு எழுந்தார். உண்மையை எழுதினால் வசந்தாமணி பட்டியலில் ஏறுவாள். விசாரணை என்று யாரோ ஒருத்தன் அவள் எதிரில் உட்கார்ந்து, இவர் சாதிக்கிடம் பேசிய மாதிரியே பேசுவான். எழுதாவிட்டால் செவ்வாய்க்கிழமை ஒரு பெண்பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் கிடப்பாள். நாச்சிமுத்துவுக்கு முதன்முறையாகத் தன் வேலை அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை டி.எஸ்.பி. ஹேமலதா முன்னால் போய் நின்றார்.

“மேடம், எச் பதினாலு சாதிக் பாட்சா இல்லீங்க. நான்.”

டி.எஸ்.பி. கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சொல்றீங்க?”

“சீட்டு மாறி உக்காந்தோம். கோடியில இருந்தது நான். அந்தக் கோடு என்னுது.”

“ஒரு போலீஸ்காரர் மனசு தீவிரவாதிக்காகத் துடிச்சுதுன்னு நீங்களே வந்து சொல்றீங்க.”

“ஆமாங்க மேடம்.”

“யாரைக் காப்பாத்தறீங்க?” என்று கேட்டார் டி.எஸ்.பி. நாச்சிமுத்துவைவிடப் பெரிய சந்தேகக்காரர் என்பதால்தான் அவர் டி.எஸ்.பி. “சரி, படத்தை மறுபடி போட்டு உங்க கோட்டைப் பார்த்துருவோம். கோடு பொருந்தினா நீங்க. பொருந்தலைன்னா சாதிக் பேர் நிக்கும். பொய் வாக்குமூலத்துக்கு உங்க வேலை போகும். அப்புறம் உங்ககூட அன்னிக்கு யார் வந்தாங்கன்னும் கேப்பேன்.”

ஆபீஸின் பின்னறையில் தியேட்டர் நாற்காலி ஒன்று தனியாகப் போட்டிருந்தது. ரெஜினா அவர் கையைக் கைப்பிடியில் சரியாக வைத்தாள்.

“ஏம்மா, இதை ஏமாத்த முடியுமா?” என்று உதடு அசையாமல் கேட்டார்.

“முடியாது சார். வேற எதையாவது நெனைச்சு அழுதா துடிப்பு ஏறும், ஆனா அதே நொடியில ஏறாது. ஆளுக்கு ஆள் ஏர்ற விதம் வேற. கைரேகை மாதிரி.” அவளும் குரலைத் தாழ்த்தினாள். “சாதிக் பாயை உட்கார வெச்சிருந்தா ஆரம்பத்துலேருந்தே துடிச்சிருக்கும். பின்னாடி போலீஸ் நின்னா யாருக்குத்தான் துடிக்காது? முதல்ல பயப்படலைன்னு பிடிச்சோம். இங்க பயந்தா அதையும் எழுதியிருப்பாங்க.”

விளக்கு அணைந்தது. நாச்சிமுத்து ஒரு திட்டத்தோடுதான் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வரும்போது வசந்தாமணியை விசாரணை அறையில் நிறுத்திக் கற்பனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாட்டுகள் போயின. சண்டைகள் போயின. நடைமேடையில் குண்டின் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ஹீரோ இருக்கிறான், எப்படி வெடிக்கும்? அவர் கோடு மட்டமாகக் கிடந்தது.

பையன் பையைப் போட்டுவிட்டு ஓடினான். தண்டவாளத்தில் கால் தடுக்கி, ஒரு ரப்பர் செருப்பு கழன்றது. ஓடுகிறவன் நின்றான். உயிர் போகிற நேரத்தில் திரும்பிப் பார்த்து, அதற்குள் காலை நுழைக்கப் பார்த்தான். அப்போதுதான் ஹீரோ சுட்டான்.

நாச்சிமுத்து வசந்தாமணியை நினைக்க மறந்துவிட்டார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், ஒரு ஊர்வலம். தடியடி முடிந்த பிறகு ரோடு முழுக்கச் செருப்பு. நாச்சிமுத்துவும் மற்றப் புதுக் கான்ஸ்டபிள்களும் அத்தனையையும் வாரி லாரியில் ஏற்றினார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்கு ஒரு அம்மா வந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு. “இதோட ஜோடி இங்க இருக்குங்களா சாமி? பையனை ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சுட்டேன், உசுரு இல்லை. கால்ல இது ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டையும் வெச்சு அனுப்பணும்” என்றாள். லாரி போய்விட்டதம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார். லாரி போகவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் நின்றது. அதில் ஏறித் தேட அவருக்குச் சோம்பலாக இருந்தது.

விளக்கு எரிந்தது. ரெஜினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொண்ணூத்தாறு சதம் பொருந்துது மேடம்.” அவள் ஒரு கோட்டின்மேல் மற்றதை வைத்துக் காட்டினாள். “ஒண்ணு கவனிச்சீங்களா? துடிப்பு ஏர்றது அவன் சாகும்போது இல்லை. நாலு நொடி முன்னாடி. செருப்பு கழண்டப்பவே ஏறிடுச்சு. ரெண்டு கோட்டுலயும்.”

டி.எஸ்.பி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு துப்பாக்கியையும் அடையாள அட்டையையும் மேஜையில் வைக்கச் சொன்னார். சாதிக் பாட்சாவின் பெயர் அங்கேயே, அவர் கண்முன்னாலேயே, அழிந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, அடுக்களையில் கைப்பிடி இல்லாத மர ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்படிப் பொருந்தியது என்று அவருக்கு விளங்கவே இல்லை. வசந்தாமணியின் நெஞ்சுக்குள் ஓடியது தன் நெஞ்சில் எப்படி அச்சுப் பிசகாமல் வந்தது? ரெஜினா ஏதாவது செய்திருப்பாளோ? கடைசியில் நடந்தது முழுவதையும் வசந்தாமணியிடம் சொன்னார், உனக்காகத்தான் செய்தேன் என்பது உட்பட.

அவள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

“நான் எச் பதினாலுல இடைவேளை வரைக்கும்தானுங்க இருந்தேன். ஏசிக் காத்து நேரா மண்டையில அடிச்சுது. நீங்க போன் பேசப் போயிட்டு, படம் ஆரம்பிச்சு வெகு நேரம் கழிச்சு வந்தீங்க. அதுக்குள்ள நான் உங்க சீட்டுக்கு நகர்ந்துட்டேன். தட்டுவடை தின்னதுக்கப்புறம் அந்த அண்ணன் பக்கத்துல உக்கார எனக்கு என்ன கூச்சம்? நீங்க இருட்டுல என்னைத் தாண்டிப் போய்க் கோடியில உக்காந்தீங்க.”

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். நாற்காலிக்கு நாற்காலி ஆளைக் குறித்துவைக்கிறவர், தான் எதில் உட்கார்ந்தோம் என்பதைப் பார்க்கவில்லை.

“அந்தப் பையனைச் சுட்டப்ப நீங்க அழுதீங்க” என்றாள் வசந்தாமணி. “சட்டைக் கையில மூக்கைத் தொடச்சீங்க. நான் தட்டுவடையைக் கடிக்காம வாயிலேயே வெச்சுட்டிருந்தேன், சத்தம் கேட்டா நான் பார்க்கறது உங்களுக்குத் தெரிஞ்சுரும்னு. நேத்து கேட்டீங்களே, நானா சொன்னா நீங்க கூசிப்போவீங்கன்னுதான் விட்டுட்டேன்.”

“வேற யாராச்சும்...”

“அந்த அண்ணனும் பார்த்தாருங்க. எனக்கு அந்தாண்ட இருந்து எட்டிப் பார்த்துட்டு, மெதுவா மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்.”

கடையில் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்த கண்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. இருட்டு, தெரியாது என்று சொன்ன வாய். நீதானய்யா அழுதாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரி வாசல் திறந்திருக்கும். சொல்லவில்லை. பயந்தாரோ, பாவம் பார்த்தாரோ, இனி கேட்டாலும் தெரியாது.

மேஜைமேல் போன் ஒருமுறை அதிர்ந்தது. மஞ்சள் பட்டியல், ஒரு வருஷம். அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

வசந்தாமணி டப்பாவைத் திறந்து இரண்டு தட்டுவடையை அவர் கையில் வைத்தாள். பேச்சை மாற்றுகிறவளாகக் கேட்டாள்: “ரெண்டாவது தடவை பார்க்கறப்ப படம் எப்படிங்க இருந்துச்சு?”

அவர் தட்டுவடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அந்தப் பையனைச் சுட்டிருக்க வேண்டாம்” என்றார்.